சாக்லேட் போட்ட விமானி கெயில் ஹால்வர்சன் காலமானார் – நினைவு இழை

வானம்பாடி | 18 பிப்ரவரி 2022, காலை 7:12

நேற்று இரவு தூங்கப்போகும் முன் செய்தியைப் பார்த்தேன். அமெரிக்க விமானப்படையின் ஓய்வுபெற்ற கர்னல் கெயில் ஹால்வர்சன் பிப்ரவரி 16 அன்று யூட்டா மாநிலத்தில் காலமாகிவிட்டார். வயது 101. நிறைவாழ்வுதான். இருந்தாலும் மனது என்னவோ போல் ஆகிவிட்டது, அதனால் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியைச் சோவியத்தும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. சோவியத் பகுதிக்கு நடுவில் இருந்த பெர்லினில் கிழக்குப் பகுதி சோவியத்திடம், மேற்குப் பகுதி மற்ற மூவரிடம். 1948 ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் படை அடைத்தது. உள்ளே 20 லட்சத்துக்கும் மேல் மக்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் அத்தனை பேருக்கும் வேண்டிய மாவு, நிலக்கரி, மருந்து எல்லாவற்றையும் விமானத்திலேயே கொண்டுபோய் இறக்கின. அதில் ஒரு விமானத்தை ஓட்டியவர்தான் ஹால்வர்சன். யூட்டாவிலும் ஐடஹோவிலும் பீட்ரூட் வகைச் சர்க்கரைக்கிழங்கு விளையும் பண்ணைகளில் வளர்ந்தவர். போர்க்காலத்தில் தென் அட்லாண்டிக் பக்கம் சரக்கு விமானம் ஓட்டியிருக்கிறார்.

ஜூலை 17 அன்று அவருக்கு வேலை இல்லாத நேரம். பெர்லினைச் சுற்றிப் பார்க்கலாம் என்று நண்பரின் விமானத்தில் தொற்றிக்கொண்டு வந்தார், கையில் ஒரு சினிமா கேமரா. டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் முள்வேலிக்கு அந்தப் பக்கம் முப்பது பிள்ளைகள் போல் நின்றுகொண்டு விமானம் இறங்குவதை வேடிக்கை பார்த்தார்கள். பேச்சுக் கொடுத்தார். ஒரு மணி நேரம் போல் பேசிவிட்டுத் திரும்பும்போதுதான் ஒன்று உறைத்ததாம்: இத்தனை பேரில் ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை. அவர் போன மற்ற நாடுகளில் சீருடையைக் கண்டாலே பிள்ளைகள் கை நீட்டுவார்கள். இங்கே ஒரு கைகூட நீளவில்லை.

பையில் இருந்தது இரண்டே இரண்டு டபுள்மின்ட் சூயிங்கம். இரண்டையும் பாதியாகக் கிள்ளி நான்கு துண்டாக்கி வேலி வழியாக நீட்டினார். கிடைத்தவர்கள் மென்றார்கள். கிடைக்காதவர்கள் சண்டை போடவில்லை. மேல் காகிதத்தைக் கேட்டு வாங்கி, கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஆளுக்கு ஒன்றாக முகர்ந்து பார்த்தார்கள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நாளைக்கு விமானத்திலிருந்து சாக்லேட் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். நிமிடத்துக்கு நிமிடம் விமானம் வருகிறதே, உங்களுடையது எது என்று எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இறக்கையை ஆட்டுகிறேன் என்றார்.

எனக்கு அவர் போட்ட சாக்லேட்டைவிட இந்தக் காகிதம் முகர்ந்த காட்சிதான் போகவே மாட்டேன் என்கிறது. உங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்ததை எழுதுங்கள்.

பழையசோறு | 18 பிப்ரவரி, காலை 8:40

ஆழ்ந்த இரங்கல். காலையில் பேருந்தில் படித்துக்கொண்டு வந்தேன். காகிதத்தை முகர்ந்த இடத்தில் போனை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சின்ன வயதில் நாங்களும் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தை முகர்ந்தவர்கள்தான் அண்ணே. அதற்கு முற்றுகை எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு சந்தேகம். இறங்கப்போகிற விமானத்திலிருந்து சாக்லேட்டை எப்படிப் போட முடியும்? ஜன்னலைத் திறக்கவா முடியும்?

ஓய்வு_சார்ஜென்ட் | 18 பிப்ரவரி, காலை 10:05

தம்பி பழையசோறு, நான் விமானப்படையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவன், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

அவர் ஓட்டியது சி-54 ஸ்கைமாஸ்டர், நான்கு எஞ்சின், சுமார் 10 டன் ஏற்றும். விமானியின் இருக்கைக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கும், ஆபத்துக் காலத்தில் வெளிச்சக்குண்டை வெளியே தள்ளுவதற்கு. அது வழியாகத்தான் தள்ளினார்கள். சாக்லேட் கட்டியைச் சும்மா போட்டால் மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல் போகிற வேகத்தில் கீழே நிற்கும் பிள்ளையின் மண்டை உடையும். அதனால் கைக்குட்டையின் நான்கு முனையிலும் நூல் கட்டிப் பாராசூட் செய்தார்கள். முதல் நாள் மூன்று. ஹால்வர்சன், துணை விமானி, எஞ்சினியர் மூன்று பேரும் தங்கள் சொந்த ரேஷன் சாக்லேட்டைச் சேர்த்துப் போட்டது அது. குடியிருப்புகளுக்கு நடுவில் தாழ்ந்து வந்து இறங்க வேண்டிய ஓடுபாதை அது. ஒரு நொடி தப்பினால் சாக்லேட் ஓடுபாதையில் கிடக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. இந்த வேலையின் அருமையே அதன் சலிப்பில்தான் இருக்கிறது. பெர்லினுக்கு மூன்று வான்பாதைகள், ஒவ்வொன்றும் 20 மைல் அகலம். தெற்கிலும் வடக்கிலும் உள்ளே போகவேண்டும், நடுப்பாதையில் வெளியேறவேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம். இறங்க முடியவில்லை என்றால் சுற்றிவந்து மறுபடி முயற்சி செய்யக்கூடாது, சுமையோடு வந்த வழியே திரும்பிவிடவேண்டும். 1948 ஆகஸ்ட் 13 அன்று மேகம் இறங்கி விபத்து நடந்து, மேலே விமானங்கள் தேங்கி நின்ற பிறகு வந்த கட்டளை அது. விமானி கீழே இறங்கிக் கேன்டீன் பக்கம் போகக்கூடாது என்று விமானத்துக்கே வண்டியில் காபி வரும். ரொட்டியாகக் கொண்டுபோனால் அதில் உள்ள தண்ணீரின் எடையையும் சேர்த்துத் தூக்கவேண்டும் என்பதால் மாவாகவே கொண்டுபோனார்கள். உருளைக்கிழங்கைக் காயவைத்துக் கொண்டுபோனார்கள். உப்பு விமானத்தின் கம்பிகளை அரித்துவிடும், அதனால் அதை மட்டும் தண்ணீரில் இறங்கும் சண்டர்லேண்ட் விமானங்களில் ஏற்றி ஹாவெல் ஏரியில் இறக்கினார்கள். கடல் நீரையே தாங்கும்படி கட்டிய விமானம் அல்லவா.

இந்த ஒழுங்கையெல்லாம் கொண்டுவந்தவர் ஜெனரல் டன்னர். அவர் இந்தப் பாடத்தைப் படித்த இடம் எது தெரியுமா? நம் அசாம். 1944 முதல் இமயமலைக்கு மேலே சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன விமானப் பாதையை நடத்தியவர் அவர்தான். நான் ஜோர்ஹாட்டில் ஆன்-32 சரக்கு விமானத்தில் அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றியபோது, அது அந்தக் காலத்து அமெரிக்கர்கள் பயன்படுத்திய தளம் என்று பெரியவர் ஒருவர் காட்டினார். அன்றிலிருந்து பெர்லின் கதை எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கதை மாதிரி.

குறுக்குக்கேள்வி | 18 பிப்ரவரி, மதியம் 1:22

இறந்தவரைப் பற்றிக் குறையாகப் பேசும் எண்ணம் இல்லை. ஆனால் எல்லோரும் உருகுகிறீர்கள், ஒருவராவது கேட்கவேண்டும் என்பதால் கேட்கிறேன்.

மூன்று வருடம் முன்புவரை அதே ஊரின் மேல் குண்டு போட்ட படை அது. அந்தப் பிள்ளைகளின் வீடு இடிந்தது யாரால்? இப்போது ரஷ்யாவோடு போட்டி வந்ததும் சாக்லேட். படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டு உலகம் முழுக்க நல்ல பெயர். மிட்டாய் கம்பெனிகளுக்கும் விளம்பரம்.

சார்ஜென்ட் சார் அசாமைச் சொன்னார். நானும் அதையே சொல்கிறேன். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம், 20 லட்சம் முதல் 30 லட்சம் பேர் வரை செத்தார்கள். அந்த வருடமும் அசாமிலிருந்து விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது, சீனாவுக்குப் பெட்ரோல் ஏற்றிக்கொண்டு. கீழே நம் ஆட்களுக்கு ஒரு மூட்டை அரிசி போட யாருக்கும் தோன்றவில்லை. பெர்லின் பிள்ளைகள் என்றால் கைக்குட்டைப் பாராசூட்.

பழையசோறு | 18 பிப்ரவரி, மதியம் 1:31

ஆரம்பித்துவிட்டீர்களா.

மட்டுறுத்துநர் | 18 பிப்ரவரி, மதியம் 2:00

கேள்வி நியாயமானதுதான், இருக்கட்டும். இது இரங்கல் இழை என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கட்டும்.

வானம்பாடி | 18 பிப்ரவரி, இரவு 9:47

குறுக்குக்கேள்வி, வங்காளத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன். பஞ்சத்தில் செத்தவர்களைக் காப்பாற்ற முடியாமல் போனதற்குக் காரணம் கப்பலும் விமானமும் இல்லாதது அல்ல, மனம் இல்லாதது. பெர்லின் கதையைப் படிக்கும்போது அந்தக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் இரண்டு கணக்கை ஒன்றாகப் போடாதீர்கள். பெர்லினைக் கைவிடக்கூடாது என்று முடிவெடுத்தது அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அரசு. அதில் அரசியல் கணக்கு இருந்தது, சந்தேகமே இல்லை. சாக்லேட் போட்டது ஒரு லெஃப்டினன்ட். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். வாரம் ஒரு தடவை போட்டார்கள். மூன்று வாரம் ஆனதும் டெம்பல்ஹோஃப் அலுவலகத்தில் ஒரு குவியல் கடிதம் வந்து கிடந்தது. எல்லாம் "இறக்கை ஆட்டும் மாமா", "சாக்லேட் மாமா" என்ற பெயருக்கு. அதைப் பார்த்ததும் இவர்களுக்குப் பெருமை வரவில்லை, பயம்தான் வந்தது. நிறுத்திவிட்டார்கள். அப்புறம் மனசு கேட்காமல் கடைசியாக ஒரு தடவை என்று இன்னும் ஆறு பாராசூட். நம் ஊரில் சீட்டாட்டத்தை விட்டவர்கள் கடைசியாக ஒரே ஒரு ஆட்டம் என்பார்களே, அது மாதிரி.

அதற்குள் ஒரு பத்திரிகைக்காரரின் தலையில் விழாத குறையாக ஒரு சாக்லேட் விழுந்து, செய்தி வந்து, அவருடைய கர்னல் கூப்பிட்டு நல்ல டோஸ் விட்டார். விசாரணை, தண்டனை என்றுதான் ஹால்வர்சன் பயந்தார். ஜெனரல் டன்னருக்கு விஷயம் பிடித்துப்போனதால் பிழைத்தார். நீங்கள் சொல்லும் விளம்பரம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது. வந்தது என்பதும் உண்மை. செப்டம்பரில் அதற்குப் படையே ஒரு பெயரும் வைத்துவிட்டது, அமெரிக்க மிட்டாய் உற்பத்தியாளர்கள் சங்கம் டன் கணக்கில் அனுப்பியது, மாசசூசெட்ஸில் சிக்கோபீ என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து பாராசூட் கட்டினார்கள்.

அவர் குண்டு போட்டவர் இல்லை, சரக்கு விமானம் ஓட்டியவர். ஆனால் போரில் நண்பர்களை இழந்தவர். நேற்றுவரை எதிரியாக இருந்தவனுக்குச் சோறு போடுவதா என்று தனக்கே முதலில் உறுத்தல் இருந்ததாக அவர் பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒரு கணக்கு. முழு முயற்சியிலும் பெர்லினுக்குப் போன சரக்கு சுமார் 23 லட்சம் டன், 2,77,000-க்கும் மேற்பட்ட பயணங்கள். சாக்லேட், மிட்டாய் எல்லாம் சேர்த்துச் சுமார் 23 டன். அதாவது லட்சத்தில் ஒரு பங்கு. பெர்லினைப் பிழைக்கவைத்தது நிலக்கரியும் மாவும்தான், சாக்லேட் இல்லை. அதில் எனக்கு எந்த மயக்கமும் இல்லை. ஆனால் 74 வருடம் கழித்து நாம் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது அந்த ஒரு பங்கைப் பற்றித்தான். ஏன் என்றால் மற்றதெல்லாம் கட்டளையின் பேரில் போனது.

ஓய்வு_சார்ஜென்ட் | 18 பிப்ரவரி, இரவு 10:30

வானம்பாடி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கட்டளையின் பேரில் போனதைக் குறைவாக நினைக்காதீர்கள். அந்த முயற்சியில் 101 பேர் செத்தார்கள். 39 பேர் பிரிட்டிஷார், 31 பேர் அமெரிக்கர்கள், மீதியில் ஜெர்மன் தொழிலாளர்களும் உண்டு. நிலக்கரி மூட்டை இறக்கியவன் பெயரைச் சொல்லி யாரும் இழை தொடங்கமாட்டார்கள். ஹால்வர்சனே போகிற இடமெல்லாம் இதைச் சொல்லுவார், உண்மையான வீரர்கள் திரும்பி வராதவர்கள் என்று. அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

அனுமதி இல்லாமல் விமானத்திலிருந்து பொருள் போட்டவனை நான் என் பணிக்காலத்தில் பார்த்திருந்தால் முதலில் புகார் எழுதியிருப்பேன். அப்புறம் என் பங்குச் சாக்லேட்டைக் கொடுத்திருப்பேன்.

குறுக்குக்கேள்வி | 18 பிப்ரவரி, இரவு 10:52

லட்சத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. கட்டளை போட்டவர்கள் மேல் உள்ள என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அந்த லெஃப்டினன்டை விட்டுவிடுகிறேன். சார்ஜென்ட் சாரின் கடைசி வரிக்குச் சிரித்தேன்.

பெர்லின்வாசி | 19 பிப்ரவரி, அதிகாலை 3:15

எல்லோருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகப் பெர்லினில் எட்டு வருடமாக இருக்கிறேன். எழுதுவது குறைவு, படிப்பது அதிகம். இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமுடியவில்லை.

டெம்பல்ஹோஃப் 2008 அக்டோபரோடு விமான நிலையமாக இருப்பதை நிறுத்திவிட்டது. இப்போது அது மாபெரும் திறந்தவெளிப் பூங்கா. அதில் வீடு கட்டலாமா என்று 2014-ல் வாக்கெடுப்பு வைத்தபோது மக்கள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பழைய ஓடுபாதையில் நான் சைக்கிள் ஓட்டப் பழகினேன், முப்பத்தைந்து வயதில், வெட்கம்தான். 2015-ல் சிரியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வந்த அகதிகளை அதே விமானக் கொட்டகைகளில்தான் தங்கவைத்தார்கள். 2019-ல் முற்றுகை முடிந்த 70-வது ஆண்டுக்கு ஹால்வர்சன் வந்தார், 98 வயதில். அங்கே இருக்கும் பேஸ்பால் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். செலண்டார்ஃப் பகுதியில் அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடமும் உண்டு.

இங்கே அந்த விமானங்களுக்கே செல்லப்பெயர் "ரோசீனன்பாம்பர்". உலர்திராட்சை குண்டுவீச்சு விமானம் என்று அர்த்தம். குண்டு என்ற சொல்லைத் தூக்கிப் போடாமல் அதையே திராட்சையோடு சேர்த்துக்கொண்டார்கள் பாருங்கள்.

என் மாடிக்குக் கீழே ஒரு பாட்டி இருக்கிறார். முற்றுகையின்போது அவருக்கு ஆறு வயது. நேற்று மாடிப்படியில் பார்த்து, ஹால்வர்சன் போய்விட்டாராம் என்றேன். தெரியும் என்றார். உங்களுக்குச் சாக்லேட் கிடைத்ததா என்று கேட்டேன். ஒருநாளும் இல்லையாம். பெரிய பையன்கள் முந்திக்கொள்வார்களாம். ஒரு தடவை சாக்லேட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீசிய கைக்குட்டை இவருக்குக் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் அம்மா நூலைப் பிரித்து ஊசியில் கோத்துக்கொண்டார், கைக்குட்டையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தார். நல்ல பருத்தித் துணி என்றார் பாட்டி. அதோடு சேர்த்து, அந்தக் காய்ந்த உருளைக்கிழங்கைப் போல மோசமான ஒன்றைத் தன் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்றும் சொன்னார். அதைத்தான் அதிக நேரம் சொன்னார்.

மீனாட்சி_டீச்சர் | 19 பிப்ரவரி, காலை 6:50

பெர்லின்வாசி, பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த நூலை ஊசியில் கோத்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார்.

கோழி வளர்த்த சிறுமியின் கதையை யாரும் சொல்லவில்லையே? ஏழு வயது மெர்சிடிஸ். டெம்பல்ஹோஃப் பக்கத்தில் வீடு. விமானச் சத்தத்தைப் பருந்து என்று நினைத்து எங்கள் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன, ஆனாலும் வெள்ளைக் கோழிகளைப் பார்த்தால் அங்கே சாக்லேட் போடுங்கள், கோழி பயந்தால் பரவாயில்லை என்று சாக்லேட் மாமாவுக்கு எழுதினாள். அவர் தேடியும் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் தபாலில் மிட்டாயும் ஒரு கடிதமும் அனுப்பிவைத்தார். பிறகு 1970 முதல் 1974 வரை அதே டெம்பல்ஹோஃபுக்கு அவரே தளபதியாக வந்தார். 1972-ல் ஒரு தம்பதி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனால், அந்த அம்மா அலமாரியைத் திறந்து 1948-ல் அவர் எழுதிய கடிதத்தை எடுத்து நீட்டினார். அதன் பிறகு இரண்டு குடும்பமும் கடைசிவரை உறவுக்காரர்கள் மாதிரிதான்.

இன்னொரு பையன் வரைபடமே அனுப்பினான். கால்வாயை ஒட்டி வா, இரண்டாவது பாலத்தில் வலப்பக்கம் திரும்பு, மூலையில் இடிந்த வீடு என்னுடையது, தினமும் மதியம் 2 மணிக்குக் கொல்லையில் நிற்பேன் என்று. அப்படியும் கிடைக்கவில்லை. நீங்களெல்லாம் எப்படிப் போரில் ஜெயித்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிட்டான்! எங்கள் எட்டாம் வகுப்பில் இப்படி ஒருவன் இருக்கிறான்.

அவனை வைத்துத்தான் சொல்லவந்தேன். பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு வருடம் வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகள், பாடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறார்கள். நேற்று இந்த இழையைப் படித்துவிட்டுப் பாடத்தை மூடிவைத்தேன். கதையைச் சொல்லி, ஆளுக்கு ஒரு கைக்குட்டை, நூல், கடலை மிட்டாய். மொட்டை மாடியிலிருந்து போட்டோம். பாதி விரியவே இல்லை, சிறு கல் மாதிரி விழுந்தது. நூல் நான்கும் ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒன்று காற்றில் போய்ப் புளியமரத்தில் மாட்டிக்கொண்டது. தலைமையாசிரியர் என்ன சத்தம் என்று வந்தார், பாராசூட் என்றேன், போய்விட்டார்.

முடிந்த பிறகு ஒரு பெண் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கிழக்கு பெர்லினிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்களே டீச்சர், அவர்களுக்குப் போட்டாரா என்று கேட்டாள். வானம்பாடி, உங்களுக்குத் தெரியுமா?

வானம்பாடி | 19 பிப்ரவரி, காலை 8:05

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் இன்னொரு கடலை மிட்டாய் கொடுங்கள்.

போட்டார். கிழக்குப் பகுதியிலிருந்தும் பிள்ளைகள் எழுதினார்கள். எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு நாங்கள் என்ன செய்வோம், எங்களுக்கும் போடுங்கள் என்று. கொஞ்ச நாள் அந்தப் பக்கமும் போட்டார். சோவியத் தரப்பு புகார் செய்ததும், நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்துவிட்டது. நிறுத்திவிட்டார்.

மீனாட்சி_டீச்சர் | 19 பிப்ரவரி, காலை 8:20

திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன். ஏன் நிறுத்தினார் என்று கேட்பாள், அதற்கும் ஏதாவது யோசிக்கவேண்டும்.

அந்தப் பாராசூட் இன்னும் புளியமரத்தில்தான் தொங்குகிறது. மிட்டாயை மட்டும் நேற்று மாலையே யாரோ ஏறி எடுத்துவிட்டார்கள்.